பிரதான விண்ணப்பதாரர் நான்

பெப்ரவரி 3, செவ்வாய்

மப்பு. மழை இன்னும் இல்லை. வாப்பா வானத்தைப் பார்த்தபடியே பிளேன்டீ குடித்தார். நற்பிட்டிமுனை வயல் விளைந்து நிற்கிறது, வெட்டு மெசின்காரன் நாள் தரவில்லை. உம்மாவுக்கு நோன்புக் கவலை. இன்னும் இரண்டு கிழமைதான், அரிசி மா வறுக்கவில்லை.

எனக்குக் கனடாவிலிருந்து மெயில்.

பத்தே காலுக்கு வந்தது. டியூசன் பிள்ளைகளின் கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கண் மெயிலில் இருந்ததில் ஒருத்திக்கு ஐந்து மார்க் கூட விழுந்துவிட்டது. வெட்ட மனம் வரவில்லை. அவளுக்கும் இன்றைக்கு நல்ல நாளாக இருக்கட்டும்.

நல்ல நாளா என்று முழுதாக வாசித்த பிறகுதான் சந்தேகம். விசா தருகிறோம் என்றும் இல்லை, தர மாட்டோம் என்றும் இல்லை. தலைப்பில் ஏ.டி.ஆர். என்று மூன்று எழுத்து. உள்ளே பீ.ஏ., பீ.ஏ. என்று ஏழு இடத்தில். கேட்டது இரண்டு விஷயம். முப்பது நாள் தவணை.

ஒன்று: பீ.ஏ. கையெழுத்திட வேண்டிய மூன்று இடத்திலும் வேறு ஆள் கையெழுத்திட்டிருக்கிறார்.

இரண்டு: விவாகச் சான்றிதழில் மணமகளின் கையெழுத்து இல்லை. இந்தத் திருமணத்துக்குத் தான் சம்மதித்த விதத்தை பீ.ஏ. சொந்த வார்த்தையில் எழுதிச் சத்தியம் செய்து அனுப்ப வேண்டும்.

கலியாணம் முடித்து நாலு மாதம் இந்த வீட்டில் இருந்துவிட்டு டொரன்டோவுக்குத் திரும்பிப் போன என் மச்சானை நான் மறுபடி பார்ப்பது இந்த எழுத்துகளில் தொங்குகிறது. எனக்கோ எழுத்து விளங்கவில்லை. ஊருக்கெல்லாம் எக்ஸ், வை கண்டுபிடித்துக் கொடுக்கிறவள் நான். வெட்கக்கேடு.

கல்முனை ஏஜென்டுக்குப் போன். செப்டம்பரில் படிவம் நிரப்பித் தந்தவர் அவர்தான். பீ.ஏ. என்றால் மெயின் ஆள், அதாவது உங்கள் மாப்பிள்ளை, பயப்படாதீர்கள் என்றார். அவர் பயப்படாதீர்கள் என்னும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.

மச்சானை நித்திரையால் எழுப்பிக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். "நான்தானே கூப்பிடுற ஆள். அப்ப நான்தானே பிரதானம்." அந்தப் பெருமையைக் கேட்கச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்சம் அழுகையும் சேர்ந்து வந்தது.

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தினம். ரோட்டில் கொடி. லீவு. டியூசன் இல்லை.

காலை ஏழு முதல் பகல் லுஹர் தொழுகை வரை அவர்களுடைய வழிகாட்டியை வாசித்தேன். எழுபது சொச்சம் பக்கம். பாவிக்காத, கெட்டி அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று எடுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு வரி. உம்மா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, பரீட்சை எழுதப் போகிறாயா என்று கேட்டார்.

ஏ.டி.ஆர். — மேலதிக ஆவணக் கோரிக்கை. இன்னும் கேட்கிறார்கள், அவ்வளவுதான். மறுப்பு இல்லை. உம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உடனே இரண்டு ரக்அத் தொழுதார்.

யூ.சி.ஐ. — ஆளுக்கு ஓர் எண். என்னுடையது என் பெயருக்குக் கீழேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. எட்டு இலக்கம். மூன்றால் பிரியும், ஒன்பதால் பிரியாது.

ஏ.ஓ.ஆர். — கிடைத்தது என்று அவர்கள் தரும் பற்றுச்சீட்டு. வந்துவிட்டது, அக்டோபரில்.

பீ.சி.சி. — பொலிஸ் நற்சான்று. அனுப்பியாயிற்று.

பீ.ஆர். — நிரந்தர வதிவுரிமை. மச்சானிடம் இருப்பது. எனக்கு வர வேண்டியது.

ஸ்பொன்சர் — கூப்பிடுகிற ஆள். மச்சான்.

பீ.ஏ. — பிரதான விண்ணப்பதாரர். குடிபெயரப் போகிற ஆள்.

இந்த இடத்தில் எழுந்துவிட்டேன். கதிரை பின்னால் விழுந்தது. போகிற ஆள் யார்? நான். கூப்பிடுகிறவர் எவ்வளவு உழைத்தாலும் அவர் ஸ்பொன்சர் மட்டும்தான். பிரதானம் நான். ஏழு இடத்திலும் நான். அந்தக் கடிதம் முழுக்க என்னைப் பற்றியே கதைத்திருக்கிறது, நான் அதை வேறு யாருக்கோ வந்த கடிதம் மாதிரி வாசித்திருக்கிறேன்.

மச்சானுக்கு மெசேஜ் போட்டேன். அங்கே விடியுமுன் எழும்பி பேக்கரிக்குப் போகிற நேரம். பதில்: "சரி, பிரதானம் அவர்களே. ஸ்பொன்சருக்கு என்ன கட்டளை?" வெட்கமில்லாத சந்தோசம் எனக்கு.

கடைசியாக ஒரு சொல். மிஸ்ரெப்ரசென்டேசன். இதற்குச் சுருக்கம் எழுதாமல் முழுதாகவே வைத்திருக்கிறார்கள். பொய் சொன்னால், உண்மையை மறைத்தால், ஐந்து வருடம் அந்தப் பக்கம் தலை வைக்க முடியாது. சிவப்புப் பேனையால் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பிறகுதான் அந்த மூன்று கையெழுத்து ஞாபகம் வந்தது. ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, கலியாணப் பேப்பர், இங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளடி போட்டுக் காட்டினார். வாப்பா பேனையை வாங்கி மூன்றிலும் போட்டார். அழகான கையெழுத்து. நான் பக்கத்தில் பிளேன்டீத் தட்டோடு நின்றேன். எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. கலியாண விஷயத்தில் பெண்ணுக்கு வாப்பாதானே கையெழுத்து வைப்பார் என்றுதான் பட்டது. போனில் பார்த்த மச்சானுக்கும் அப்படித்தான், ஏஜென்டுக்கும் அப்படித்தான். நாலு பேர், நாலு பேருக்கும் சரியாகப் பட்ட பிழை.

பெப்ரவரி 6, வெள்ளி

வெயில். வாப்பா முகத்தில் கொஞ்சம் தெளிவு. ஜும்மா முடிந்து சோறு தின்ற பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தேன். பாரைமீன் ஆணம், புளி கூடிவிட்டது. 

முதல் விஷயத்தைச் சொன்னேன். படிவத்தில் நான் வைக்க வேண்டிய கையெழுத்தை நீங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று. வாப்பா கோபிக்கவில்லை, உண்மையாகவே விளங்காமல் பார்த்தார்.

"என்ட புள்ளைட கலியாணத்துக்கு நான் வைக்காம ஆர் வைக்கிற?"

எங்கள் பதிவுப் புத்தகத்தில் மாப்பிள்ளைக்கு இடம் உண்டு. வலியாக, பெண்ணின் பொறுப்பாளியாக நிற்கும் வாப்பாவுக்கு உண்டு. பதிவுகாரருக்கு உண்டு, சாட்சிகளுக்கு உண்டு. எனக்கு இல்லை. இந்த வீட்டைச் சீதனமாக எழுதும்போது நொத்தாரிசு என்னிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்கு வைத்திருக்கிறேன், கலியாணத்துக்கு வைக்கவில்லை. கனடாக்காரன் கேட்கும் வரைக்கும் எனக்கே இது தோன்றவில்லை. தோன்றாததற்கும் கோபம் வருகிறது, இப்போது தோன்றியதற்கும் கோபம் வருகிறது.

இரண்டாவதைச் சொன்னபோது வாப்பாவின் முகம் மாறிவிட்டது. சம்மதமா என்று கேட்கிறார்கள் என்றேன்.

"நான் என்ன, உன்னக் கட்டாயப்படுத்தியா குடுத்த? நீ ஓம் எண்டத என்ட காதால கேட்ட நான்."

எழுந்து வயலுக்குப் போய்விட்டார். மத்தியான வெயிலில், தொப்பியைக்கூடக் கழற்றாமல். அவர் காதால் கேட்டது என் குரல் இல்லை. அதை நான் சொல்லவில்லை.

பெப்ரவரி 7, சனி

நடந்ததை எழுதி வைக்கிறேன், எனக்காக.

நிக்காஹ் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. நான் உள்ளறையில், சுற்றிலும் பெண்கள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, மேக்கப் கலையும் என்று தண்ணீர்கூடத் தரவில்லை. சாச்சிக்குத்தான் பாவம் பட்டது. உம்மாவின் தங்கை, மருதமுனை முழுக்கக் கேட்கும் குரல். ஒரு கிண்ணத்தில் கெட்டியான இனிப்பு வட்டிலப்பம் கொண்டுவந்து பெரிய கரண்டியால் ஒரு வாய் திணித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் வாப்பாவும் இரண்டு சாட்சியும். முந்தானையை இழுத்து என் முகத்தை மூடினார்கள். நசீருக்கு உன்னைக் கட்டித்தர உனக்குச் சம்மதமா மகள் என்று வாப்பா கேட்டார். குரல் தழுதழுத்தது. நான் விழுங்கப் பார்க்கிறேன், இறங்கவில்லை. வெட்கத்தில் இருக்கிறேன் என்று எல்லோரும் நினைக்க, சாச்சி என் தோளுக்குப் பின்னாலிருந்து "ஓம்" என்றார். "ஓம் எண்டுட்டா, போய் எழுதுங்க." போய் எழுதிவிட்டார்கள்.

நான் விழுங்கி முடித்தபோது ஹாலில் துஆ ஓதிக்கொண்டிருந்தார்கள்.

இதை எப்படிக் கனடாவுக்கு எழுதுவது, அல்லாஹ்வே.

பெப்ரவரி 9, திங்கள்

ஏஜென்ட் கூப்பிட்டுப் போனேன். அவரே ஒரு தாள் தயார் செய்து வைத்திருந்தார். பள்ளிவாசலில் தனியாக ஒரு கொப்பி இருக்கிறதாம், அதில் மணமகள் கையெழுத்து வைத்தாளாம், அந்தக் கொப்பி வெள்ளத்தில் போய்விட்டதாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. இது பொய்தானே என்றேன். எல்லோரும் இப்படித்தான், அவர்கள் வந்து வெள்ளத்தைத் தேடப்போகிறார்களா என்றார்.

சிவப்புப் பேனையால் எழுதிய அந்தச் சொல்லை அவருக்குச் சொன்னேன். ஐந்து வருடத்தையும் சொன்னேன். அப்படி ஒரு சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்று முகம் சொன்னது. தாளை மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். ஓட்டோவில் ஏறிய பிறகு பார்த்தால் அவருடைய பேனை என் கையில். வேணுமென்று எடுக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் போகவில்லை.

நேரே ஜெயந்தியிடம். ஏ.எல். வகுப்பில் கூடப் படித்தவள், பாண்டிருப்புக்காரி. பஸாரில் ஒரு கொமினிகேசன் கடையில் டைப் அடிக்கிறாள், பக்கத்து அறையில்தான் சத்தியக்கடதாசிக்கு முத்திரை குத்தும் சமாதான நீதவான், ஜே.பீ. சேர் இருக்கிறார். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வட்டிலப்பத்துக்கு வந்தபோது மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். போட்டோகொப்பிக்கு வந்த ஒரு மனிதர் பயந்துவிட்டார்.

உண்மையை எழுதினால் சம்மதம் சொல்லாத பெண் என்று ஆகிவிடும். பொய் எழுதினால் ஐந்து வருடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இவர்தான் எண்டு நீ எப்ப முடிவெடுத்த நீ? அத எழுதன் ரிபா."

கடை என்றும் பாராமல் அவளைக் கட்டிப்பிடித்தேன். எனக்கு அந்த நாள் தெரியும். நாள் என்ன, நேரமே தெரியும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

எழுதுகிறேன். ஐந்து தாள் கிழித்தாயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் லீவில் வந்து, தன் கூடப்பிறந்த ராத்தாவோடு பெண் பார்க்க வந்தார். பிஸ்கட், சர்பத். கேட்க ஏதாவது இருக்கிறதா என்று ராத்தா என்னைத்தான் கேட்டார். டியூசனை விட மாட்டேன் என்றேன். உம்மா கிள்ளினார். மச்சான் சிரிக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நாற்பத்திரண்டு. அப்போ கதிரை காணாதே என்றார். உண்மையாகவே காணாது, கடைசி வரிசைப் பிள்ளைகள் பாயில்தான் இருந்தார்கள். அதை எப்படிக் கண்டார் என்று தெரியவில்லை. அடுத்த கிழமை ஓட்டோவில் பத்துப் பிளாஸ்டிக் கதிரை வந்து இறங்கியது. நீலம். துண்டு இல்லை, கடிதம் இல்லை. பின்னேரம் நாலரை மணி. அந்தக் கதிரைகளை ஒவ்வொன்றாக அடுக்கும்போதே எனக்கு இவர்தான் என்று முடிவாகிவிட்டது. அன்றிரவு உம்மாவிடம் எனக்குச் சரி என்று சொன்னேன்.

இதைத்தான் எழுதினேன். வட்டிலப்பத்தையும் எழுதினேன். சாச்சியின் குரலையும் எழுதினேன். இங்கே ஒரு பெண் பேசாமல் இருந்தாலும் அதுவும் சம்மதமாகவே கொள்ளப்படும், நான் மறுத்திருந்தால் நிக்காஹ் நடந்திருக்காது என்றும் எழுதினேன். வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல கட்டுரை இதுதான், பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு எப்போதும் சி.

மச்சானுக்கு வட்ஸ்அப்பில் வாசித்துக் காட்டினேன். பிறகு சொன்னார், அந்தக் கதிரை வாங்கிய கடையில் அவரும் தனியே ஒரு மணித்தியாலம் நின்றாராம், நீலமா சிவப்பா என்று. இரண்டு வருடமாக இதைச் சொல்லவில்லை இந்த மனிதர்.

வாப்பா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

மெசின் வந்துவிட்டது. விடியக்காலை போய் அஸருக்குள் முழு வயலும் வெட்டி முடிந்தது. கடைசி மூடை ஏற்றும்போதுதான் ஒரு துளி விழுந்ததாம். வாப்பா தலை முழுக்கத் தூசோடு, சிரித்த முகமாக வந்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. உம்மா இறைச்சி ஆக்கினார்.

நல்ல முகம் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். படிவத்தில் உங்கள் கையெழுத்து எப்படி வந்தது என்று நீங்களும் ஒரு சத்தியக்கடதாசி தர வேண்டும், திங்கட்கிழமை ஜே.பீ. சேரிடம் வர வேண்டும். வாப்பா எலும்பைக் கடித்தபடி தலையாட்டினார். என் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சேர் எல்லாவற்றையும் சத்தம் போட்டு வாசித்த பிறகுதான் முத்திரை குத்துவாராம். ஜெயந்தி இன்றைக்குச் சொன்னாள். வாப்பாவும் பக்கத்தில் இருப்பார்.

பெப்ரவரி 15, ஞாயிறு

புதுப் படிவம் மூன்றும் நானே நிரப்பினேன். ஒவ்வொரு பெட்டியும் விளங்கி நிரப்பினேன். செப்டம்பரில் எங்கே என்ன எழுதியிருந்தது என்றே எனக்குத் தெரியாது. கலியாணத்துக்குப் பிறகு எங்கே வசித்தீர்கள் என்ற கேள்விக்குப் பழைய பிரதியில் ஏஜென்ட் கணவர் வீடு என்று போட்டிருக்கிறார். நான் மனைவியின் வீடு, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார் என்று எழுதினேன். அது பெட்டிக்குள் அடங்கவில்லை. தனித்தாள் சேர்த்தேன்.

டியூசன் பெண்கள் சி.ஆர். கொப்பியைக் கண்டுவிட்டார்கள். மிஸ் எந்தப் பாடம் இது என்று கேட்டார்கள். நான் சொல்லிக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் கணக்கு இல்லை. கடைசியில் ஒருத்தி கேட்டாள், அப்ப மிஸ், நாங்கள் ஒவ்வொரு ஆளும் பீ.ஏ.தானா என்று. விண்ணப்பம் போட்டால் என்றேன்.

நாளைக்கு என்ன உடுப்பது? பச்சை அபாயா. இஸ்திரி போட வேண்டும்.

பெப்ரவரி 16, திங்கள்

மழை. ஓட்டோவில் வாப்பாவும் நானும், நடுவில் பைல். மருதமுனையிலிருந்து பஸார் வரை வாப்பா அது நனையாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜே.பீ. சேர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். மொழிபெயர்ப்பும் அவரேதான். முதலில் வாப்பாவுடையதை வாசித்தார். ஐந்து வரி. வாப்பா கையெழுத்து வைத்தார். அடுத்து என்னுடையது. காலைக் கூட்டத்தில் வாசிப்பது போல வாசித்தார், ஜெயந்தியின் கடைக்கும் கேட்டிருக்கும். கதிரை வந்தபோது வாப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கதிரை யார் வாங்கியது என்று இவருக்கு இதுவரை தெரியாது.

வட்டிலப்பத்தில் சேர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அந்த வரியை வாசித்தார். அப்புறம் அடுத்த வரி: ஆகவே என் தகப்பனார் கேட்ட கேள்விக்கு நான் அன்று வாயால் பதில் சொல்லவில்லை, சொன்னது என் சாச்சி.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீமேந்துத் தரை, ஈரச் செருப்புத் தடம். வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இரண்டு வருடமாக அந்தக் குரலைத் தன் மகளின் குரல் என்று வைத்திருந்த மனிதர்.

சேருக்கு விளங்கிவிட்டது. பெண் பேசாமல் இருந்தாலும் சம்மதம்தான், மார்க்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று ஆறுதலாகச் சொன்னார்.

"அது தெரியும் சேர்," என்றார் வாப்பா. "ஆனா கேட்டது நான். எனக்கு மறுமொழி வரல்லயே."

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கதிரையை என் பக்கம் திருப்பினார். 

"இப்ப கேக்கிறன் மகள். நசீர உனக்குச் சம்மதமா?"

இந்த முறை வாயில் ஒன்றும் இல்லை.

"ஓம் வாப்பா," என்றேன். சத்தமாகத்தான் வந்திருக்கிறது, ஜெயந்தி கதவால் எட்டிப் பார்த்தாள். வாப்பா தலையாட்டினார். கண்ணைத் தோள் துண்டால் ஒற்றிக்கொண்டார். சேர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையெழுத்து. படிவத்தில் மூன்று, சத்தியக்கடதாசியில் ஒன்று, எல்லாம் என் பெயரில். நான் வைத்து முடிக்கும் வரை வாப்பா பேனை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.